தலை போன பனையில் பச்சைக்கிளிக் கூடு: மரத்தை எப்போது எடுக்கலாம்?

கேள்வி: கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து திருவந்திபுரம் செல்லும் வழியில் எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. மாசியில் கடைக்கால் போடுவதாக நாள் குறித்திருக்கிறோம். மனையின் வடமேற்கு மூலையில் தலையில்லாத பனைமரம் ஒன்று நிற்கிறது. இடி விழுந்து குருத்துக் கருகிய மரம் என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொல்கிறார். மட்டையும் ஓலையும் உதிர்ந்து வெறும் தூணாகிவிட்ட அந்த மரத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பொந்தும் இடுப்பளவில் இன்னொரு பொந்தும் உள்ளன.

மேஸ்திரி நூல் பிடிக்க வந்த அன்றுதான் மேல் பொந்தில் கிளி இருப்பதைக் கவனித்தோம். கழுத்தில் வளையம் உள்ள கிளி ஒன்று மர உச்சியில் வந்து அமர்ந்து குரல் கொடுக்கிறது. வளையம் இல்லாத இன்னொன்று பொந்தின் வாயில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே போய்விடுகிறது. மரத்தை உடனே சாய்த்துவிடலாம், அரை நாள் வேலைதான் என்கிறார் மேஸ்திரி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

மரத்தில் ஏறிப் பார்க்காமல், உள்ளே முட்டை அல்லது குஞ்சு இருக்கிறதா என்று எப்படி அறிவது? இருந்தால் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? மரத்தை எடுத்த பிறகு மரப்பெட்டி ஏதேனும் செய்து வைத்தால் அதே கிளிகள் அதில் வந்து தங்குமா? வீட்டில் என் மாமியார், குஞ்சு கிடைத்தால் நாமே எடுத்து வளர்க்கலாம், அந்தக் காலத்தில் கிளிக்கூண்டு இல்லாத வீடு ஏது என்கிறார். அதற்கும் ஒரு பதில் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஊசுட்டேரி (புதுச்சேரி)

வணக்கம் அம்மா. நீங்கள் பார்த்தவை ஒரு சோடி என்றே தோன்றுகிறது. பறவை நூல்களில் செந்தார்ப் பைங்கிளி என்று குறிக்கப்படும் நம் ஊர்ப் பச்சைக்கிளியில், கறுப்பும் ரோஜா நிறமுமான வளையம் ஆணுக்கு மட்டுமே உண்டு. அதற்காக வளையம் இல்லாத கிளி எல்லாம் பெண் என்று சொல்லிவிட முடியாது. இளம் ஆண்களுக்கு வளையம் முழுமையாக வருவதற்கு மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம், அதுவரை அவையும் பெண்ணைப் போலவே இருக்கும். உங்கள் மரத்தில் பொந்துக்குள் இருப்பது பெண் என்று நான் சொல்வதற்கு அதன் நடத்தைதான் காரணம். அடைகாப்பது பெரும்பாலும் பெண்ணின் வேலை. அந்த நாட்களில் ஆண் இரை தேடி வந்து, இரைப்பையிலிருந்து எடுத்து அதற்கு ஊட்டிவிட்டுப் போகும்.

ஏறிப் பார்க்கவே வேண்டாம். பட்ட பனையில் ஏணி சாய்ப்பது உங்களுக்கும் ஆபத்து, அதிர்ச்சியில் தாய் முட்டையை விட்டுப் போகவும் கூடும். கீழே நின்றே பல அடையாளங்களைப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பொந்தின் விளிம்பைப் பாருங்கள். பயன்பாட்டில் உள்ள பொந்தின் விளிம்பு புதிதாகக் கொறித்த மரத்தின் வெளிர் நிறத்தில் இருக்கும். கைவிடப்பட்ட பொந்தின் விளிம்பு சாம்பல் நிறமாகிச் சிலந்தி வலை படிந்திருக்கும். அடிமரத்தைச் சுற்றித் தவிடு போன்ற மரத்தூள் கிடந்தால், இன்னும் உள்ளே கொறித்துச் சீர்செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். கிளி கூடு பின்னாது, புல்லோ பஞ்சோ கொண்டு வராது. தானே கொறித்த தூளின் மேல்தான் முட்டையிடும். அடுத்து, காலை வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலை அடைவதற்கு முன்பும் சிறிது நேரம் தள்ளி நின்று பாருங்கள். ஆண் வந்து குரல் கொடுத்ததும் பெண் வெளியே வந்து இரை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிட்டால், முட்டை இருக்கிறது அல்லது மிகச் சிறிய குஞ்சு இருக்கிறது. இரண்டுமே மாறி மாறி வெளியே போய் வந்து உள்ளே நுழைந்தால் குஞ்சு வளர்ந்துவிட்டது. பெண்ணின் வாலிறகு ஒரு பக்கமாக வளைந்திருப்பதையும் சில நேரம் காணலாம்; நீண்ட வாலை மடக்கிக்கொண்டு இடுக்கமான பொந்தில் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதன் விளைவு அது.

இனி எவ்வளவு காலம் என்பது. தென்னிந்தியாவில் இவை மார்கழி, தை மாதங்களில் பொந்து பிடிக்கத் தொடங்கிச் சித்திரை வரை குஞ்சு வளர்க்கும். சாதாரணமாக 3 முதல் 5 முட்டைகள்; அடைகாப்பு மூன்று வாரத்துக்குச் சற்று மேல்; பொரித்த குஞ்சு பறந்து வெளியேற இன்னும் ஆறேழு வாரங்கள். ஆக, முதல் முட்டையிலிருந்து கணக்கிட்டால் பத்து, பதினொரு வாரம். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முட்டைகள் ஒரே நாளில் இடப்படுவதில்லை, ஒரே நாளில் பொரிப்பதுமில்லை. அதனால் ஒரே பொந்தில் நன்றாக இறகு முளைத்த குஞ்சும், அதைவிட ஒரு வாரம் இளைய குஞ்சும் சேர்ந்திருக்கும். முதல் குஞ்சு பறந்ததைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

பனையையே அது ஏன் தேர்ந்தெடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் பெட்டிக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. பனையும் தென்னையும் புறக்காழ் உடையவை: வைரம் வெளியே, சோறு எனப்படும் மென்மையான பகுதி உள்ளே. வேம்புக்கும் தேக்குக்கும் நேர் எதிர். குருத்து ஒன்றே ஒன்று என்பதால், அது கருகினால் பனை மறுபடி துளிர்ப்பதில்லை. சில ஆண்டுகளில் உள்ளிருக்கும் சோறு மக்கிப் போக, வெளி வைரம் மட்டும் குழாய்போல நிற்கும். மரங்கொத்தி ஒரு துளை போட்டால் போதும், உள்ளே அறை தயார். கிளிக்குத் தானாக மரம் குடையும் திறன் மரங்கொத்தி அளவுக்குக் கிடையாது. இருக்கிற துளையை அகலப்படுத்துவதில்தான் அது கெட்டி. மண்டையோட்டில் கீல்போல அசையும் மேலலகும், வலுவான தாடைத் தசையும் அதற்குத் துணை. முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று அமைந்த விரல்களால் செங்குத்தான மரத்தைப் பற்றிக்கொண்டு, அலகை மூன்றாவது காலாக ஊன்றி அது ஏறுவதை உங்கள் மரத்திலேயே பார்க்கலாம்.

இந்தக் கரையோரத்தில் கிளிக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் பொந்துக்குத்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் எத்தனை விழுந்தன என்பது ஊரறிந்தது. விழுந்தவற்றில் பல, பொந்து விழும் வயதை எட்டிய பெருமரங்கள். அவற்றுக்குப் பதிலாக நட்டவை இன்று நன்றாகக் காய்க்கின்றன, ஆனால் ஒரு கிளி நுழையும் பொந்து அவற்றில் விழுவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் பிடிக்கும். புயலில் தலை முறிந்து நின்ற தென்னைகள் சில காலம் கைகொடுத்தன. அவையும் சாய்ந்துவிட்டன அல்லது வெட்டப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பவை உங்கள் மனையில் நிற்பதைப் போன்ற மொட்டைப் பனைகளே. அவற்றையும் செங்கல் சூளைக்கும் மனைப் பிரிவுக்கும் முதலில் பலி கொடுக்கிறோம், பட்ட மரம்தானே என்று.

கீழ்ப் பொந்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். மைனா, புள்ளி ஆந்தை, பனங்காடை ஆகிய மூன்றும் இதே வகைப் பொந்துக்குப் போட்டியிடுபவை.

பதில்: கடற்கரைச் சாலை வழக்கறிஞர் (புதுச்சேரி)

சட்டத்தைப் பற்றி யாரும் தொடவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் பொருள், சுடுவதும் பிடிப்பதும் மட்டுமல்ல. பறவைகளைப் பொறுத்தவரை முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்த விளக்கத்துக்குள்ளேயே வருகின்றன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. எனவே உள்ளே கூடு இருப்பது தெரிந்தே மரத்தைச் சாய்ப்பது, மரம் உங்களுடையதாக இருந்தாலும், குற்றமாகும். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேஸ்திரியிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் அரை நாள் வேலை என்ற பேச்சு நின்றுவிடும்.

குஞ்சை எடுத்து வளர்ப்பதும் இதே சட்டப்படி கூடாது. நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1990-91 முதல் தடை செய்யப்பட்டவை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது என்று உங்கள் மாமியார் சொல்வது உண்மைதான். அப்போது இந்தத் தடை இல்லை. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் நம் கடலூர்த் தொகுதியிலேயே, வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி என்று சீட்டெடுத்துச் சொன்ன கிளி ஜோசியர் வனத்துறையினரிடம் சிக்கிய செய்தி பலருக்கும் நினைவிருக்கும். துறை சொன்ன காரணம் ஜோசியம் அல்ல, கிளியைக் கூண்டில் அடைத்தது. அதன் அரசியலை இங்கே பேச வேண்டியதில்லை.

வளர்ப்புப் பறவைக் கடைகளில் வெளிப்படையாக விற்கப்படும் பட்ஜரிகர், காக்கட்டீல், காதற்பறவை ஆகியவை ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா முதலிய நாடுகளின் இனங்கள். அவற்றைப் பார்த்து நம் பச்சைக்கிளிக்கும் அதே விதி என்று நினைப்பவர்கள் நிறைய. மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற அயல்நாட்டுப் பறவைகளுக்கோ 2024இல் வந்த விதிகளின்படி இணையவழிப் பதிவு கட்டாயம்.

இன்னொன்று: தமிழ்நாட்டில் பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. உங்கள் மனை கடலூர் மாவட்டத்தில் இருப்பதால், பட்ட மரமானாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: வெள்ளாற்றங்கரை (திட்டக்குடி)

எல்லோரும் கிளியின் பக்கமே பேசுகிறீர்கள்; மக்காச்சோளம் போடுகிறவன் பக்கமும் ஒன்று இருக்கிறது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் கூட்டமாக இறங்கினால், வரப்போர வரிசைகளில் ஒரு கதிர் முழுதாகக் கிடைக்காது. தின்பதைவிட அது கடித்து எறிவது அதிகம். தோலை உரித்து, நுனியில் நான்கு மணியைக் கொத்தி, அடுத்த கதிருக்குத் தாவிவிடும். திறந்த கதிரில் பனியும் பூஞ்சணமும் ஏறி மிச்சமும் வீணாகும். கொய்யாவில் இன்னும் மோசம், விதை முற்றுவதற்கு முன்பே காயைக் குடைந்துவிடும். உலகத்தில் அழிந்துகொண்டிருக்கும் பறவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது எங்கே அழிகிறது? லண்டன் பூங்காக்களில்கூட ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது என்று படிக்கிறோம்.

இதையெல்லாம் சொன்னாலும், என் வயலோரத்து மொட்டைப் பனையை நான் வெட்டவில்லை. அதில் இருப்பது கிளி அல்ல, புள்ளி ஆந்தைச் சோடி. இரவில் அது பிடிக்கும் எலியையும், பகலில் பக்கத்துக் கம்பத்தில் உட்கார்ந்து பனங்காடை பிடிக்கும் வெட்டுக்கிளியையும் கணக்குப் பார்த்தால், பொந்து இருப்பது எனக்கு லாபம். கேள்வி கேட்ட அம்மாவுக்கு நான் சொல்வதும் அதுதான்: கிளிக்காக மட்டும் யோசிக்காதீர்கள்.

காவலைப் பற்றி யாராவது கேட்டால்: மினுமினுக்கும் நாடா முதல் சில நாள் நன்றாக வேலை செய்யும், பிறகு அதன் மேலேயே வந்து உட்காரும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் பலன். கொய்யாவுக்கு உறை போடுவதே நம்பத்தகுந்த வழி. தினைப்புனம் காத்த பெண்களுக்குத் தட்டையும் தழலும் குளிரும் என்று விதவிதமான கிளிகடி கருவிகள் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன அல்லவா, ஒரே கருவிக்கு அன்றைய கிளியும் அஞ்சியிருக்காது போலும்.

பதில்: ஊசுட்டேரி (புதுச்சேரி)

திட்டக்குடி ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். பச்சைக்கிளி உலக அளவில் அழியும் நிலையில் இல்லை; பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது கவலை குறைந்த இனமாகவே இருக்கிறது. ஐரோப்பிய நகரங்களில் அதன் பெருக்கம் உண்மையிலேயே தொல்லைதான். ஸ்பெயினின் செவில் நகரப் பூங்கா ஒன்றில், மரப்பொந்துகளில் தங்கும் பெரிய வௌவால் இனம் ஒன்றை இக்கிளிகள் தாக்கித் துரத்தி, அதன் எண்ணிக்கையையே சரித்துவிட்டதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கேயும் சண்டை பொந்துக்காகத்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதை நான் அவ்வளவு உறுதியான காப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வட அமெரிக்காவில் கரோலினா கிளி என்று ஓர் இனம் பெருங்கூட்டங்களாக இருந்தது. காடு அழிந்தது ஒருபுறம். பழத்தோட்டங்களில் இறங்குகிறது என்று சுட்டார்கள் மறுபுறம். சுடப்பட்டு விழுந்த கிளியைச் சுற்றி மற்றவை திரும்பத் திரும்ப வந்து வட்டமிடும் வழக்கம் அவற்றுக்கு இருந்ததால், ஒரே இடத்தில் நின்று கூட்டத்தையே வீழ்த்த முடிந்தது. கூண்டில் இருந்த கடைசிக் கிளி 1918 பிப்ரவரியில் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது.

நம் நாட்டில் கவலைக்குரியது பச்சைக்கிளியின் பெரிய உறவினர். தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளியை, அச்சுறுத்தலை நெருங்கும் இனம் என்று அதே ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. நன்றாகப் பேசும் என்ற பெயரே அதற்கு எமனாகிவிட்டது. குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து விற்பது முக்கியமான காரணம். குஞ்சு திருடுபவர்கள் பல நேரம் பொந்தையே கத்தியால் அகலப்படுத்திவிடுவார்கள். குஞ்சும் போகும், அடுத்த ஆண்டுக்கான வீடும் போகும்.

பதில்: கால்நடை மருத்துவர் (லாஸ்பேட்டை)

வளர்ப்பது பற்றிய கேள்விக்கு மருத்துவர் என்ற முறையில் சில வார்த்தைகள். உங்கள் மாமியார் பாசத்தோடுதான் சொல்கிறார் என்பது தெரிகிறது, ஆகையால் சட்டத்தைவிடக் கிளியின் இயல்பைச் சொல்லி விளக்குவது நல்லது.

கிளி பேசுவது மனிதனை மகிழ்விக்க அல்ல. கிளிகள் தம் குரலைப் பிறரைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் மிகச் சில உயிரினங்களில் அடங்கும். பாடும் பறவைகள், தேன்சிட்டைப் போலப் பூவில் தேனுறிஞ்சும் ஹம்மிங் பறவைகள், பாலூட்டிகளில் திமிங்கிலம், வௌவால் போன்ற சில. இவற்றுக்கு அப்பால் இத்திறன் அரிது. வெனிசுவேலாவில் காட்டில் வாழும் ஒரு சிறு கிளியினத்தில், ஒவ்வொரு குஞ்சும் தனக்கென்று ஒரு குரல் அடையாளத்தைப் பெற்றோரிடமிருந்து கற்கிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏறக்குறைய பெயர் வைப்பது போன்ற செயல் அது. இத்தகைய குஞ்சைத் தனியே எடுத்து வந்து கூண்டில் வைத்தால், கூட்டத்தின் குரலைக் கற்க வேண்டிய வயதில் அது நம் குரலைக் கற்கிறது. நம்மோடு பேசும் கிளி, நம்மைத் தன் கூட்டமாக எண்ணிக்கொண்டிருக்கிறது. வேறு கூட்டம் அதற்கு வாய்க்கவில்லை. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் முப்பது ஆண்டுகள் பழக்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லக் கற்றிருந்தது. அவ்வளவு மூளையுள்ள ஓர் உயிரை நாள் முழுதும் தனியே அடைத்து வைத்தால் என்னவாகும் என்பதை என் மேசையில் பார்க்கிறேன்: தன் மார்பு இறகைத் தானே பிடுங்கித் தோல் தெரிய நிற்கும் கிளிகள், வெறும் நெல்லும் மிளகாயும் தின்று வைட்டமின் ஏ குறைந்து கண்ணும் மூக்கும் வீங்கிய கிளிகள், சிறகை ஒட்ட வெட்டியதால் மேசையிலிருந்து விழுந்து மார்பெலும்பு பிளந்தவை. சிட்டகோசிஸ் என்ற நோய் கிளியிலிருந்து மனிதருக்குத் தொற்றி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் என்பதையும், வீட்டில் வயதானவர்கள் இருப்பதால், சேர்த்துச் சொல்கிறேன்.

கட்டட வேலையின் அதிர்வில் ஒருவேளை குஞ்சு கீழே விழுந்துவிட்டால்: கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. காயமில்லை என்றால், பனையேறி ஒருவரைக் கொண்டு அதே பொந்தில் திரும்ப வைப்பதே சிறந்த மருத்துவம். அது முடியாவிட்டால், துணி விரித்த அட்டைப் பெட்டியில் இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பால் ஊற்றாதீர்கள், பறவைக்குப் பால் சர்க்கரை செரிக்காது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதும் மூச்சுக்குழலுக்குள் போய்க் கொன்றுவிடும், பாதிக் குஞ்சுகள் இதனால்தான் சாகின்றன என்று சொல்லத் தோன்றுகிறது. உடம்பு சில்லிட்டிருக்கும்போது எந்தத் தீனியும் வேண்டாம், முதலில் சூடு. கடலூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கொண்டு போகலாம்.

கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் நன்றி. இரண்டு மாலைகள் தள்ளி நின்று பார்த்தோம். ஆண் வந்து குரல் கொடுத்ததும் பெண் வெளியே வந்து, பொந்தின் விளிம்பிலேயே இரை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறது. மரத்தடியில் தூள் இருக்கிறது. ஆகவே முட்டை அல்லது இளங்குஞ்சு என்றே வைத்துக்கொள்கிறோம். கீழ்ப் பொந்தில் ஒரு மைனாச் சோடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, தங்கவில்லை.

வடமேற்கு மூலை வாயு மூலை என்பதால் வரைபடத்தில் அங்கே வருவது கழிவுநீர்த் தொட்டி மட்டுமே. அதைக் கடைசியில் தோண்டிக்கொள்ளலாம், கடைக்காலைத் தென்மேற்கிலிருந்து தொடங்கலாம் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். நாள் மாறவில்லை, மரமும் இப்போதைக்கு நிற்கும். மாமியாரிடம் மருத்துவர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். இறகைப் பிடுங்கிக்கொள்ளும் பகுதி வந்ததும், தங்கள் வீட்டுக் கிளியும் அப்படித்தான் இருந்தது, சூடு என்று நினைத்தோம் என்றார்.

ஆனால் வீடு எழும்பிய பிறகு பட்ட பனை அவ்வளவு அருகில் நிற்பது புயல் காலத்தில் பாதுகாப்பில்லை என்றும் பொறியாளர் சொல்கிறார். அப்படியானால் எந்த மாதத்தில் எடுப்பது? பெட்டியா, அல்லது பொந்து உள்ள துண்டையே அறுத்து வேறு மரத்தில் கட்டலாமா? பக்கத்துத் தோப்பில் வயதான புளியமரம் ஒன்று இருக்கிறது, தோப்புக்காரரும் சம்மதிக்கிறார்.

பதில்: ஊசுட்டேரி (புதுச்சேரி)

பொறியாளர் சொல்வது சரி. நம் கரையில் பட்ட மரத்தை வீட்டுச் சுவருக்கு அருகே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிற்க விடச் சொல்ல எனக்கும் துணிவில்லை.

சித்திரைக் கடைசியில் கிளி காலி செய்துவிடும். உடனே அறுக்க வேண்டாம். மைனாவின் இனப்பெருக்க காலம் அப்போதுதான் சூடு பிடிக்கும்; எட்டிப் பார்த்த அந்தச் சோடி வைகாசியில் மேல் பொந்தையே பிடித்துக்கொண்டாலும் வியப்பதற்கில்லை. ஆவணி அல்லது புரட்டாசி நல்ல காலம்: பொந்துகள் பெரும்பாலும் காலியாக இருக்கும், பெருமழையும் தொடங்கியிருக்காது. அறுக்கும் நாளுக்கு முந்தைய மாலை ஒருமுறை நின்று பார்த்து, எதுவும் அடையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புள்ளி ஆந்தை ஆண்டு முழுதும் பகலில் பொந்தில் தங்கும் என்பதால் அதற்காகவும் பாருங்கள்.

பெட்டியைவிட மரத்துண்டுதான் என் தேர்வு. பெட்டி செய்வதானால் கிளி கொறிக்கும் என்பதால் தடித்த பலகை வேண்டும், உள்ளே ஓரடிக்குக் குறையாத, முடிந்தால் ஒன்றரை அடி ஆழம் வேண்டும், வாய் மூன்று அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, அடியில் மரத்தூள் பரப்ப வேண்டும். மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டி ஒரே பருவத்தில் சல்லடையாகிவிடும். அதற்கெல்லாம் பதிலாக, மேல் பொந்துக்கு ஓரடி மேலேயும் மூன்றடி கீழேயும் விட்டு அறுத்தால் உங்களுக்கு ஆயத்தமான வீடு கிடைக்கும். வெட்டுவாள் ஓட்டுபவரிடம், துண்டைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கச் சொல்லுங்கள். தொப்பென்று விழுந்தால் வைரம் நீளவாக்கில் பிளந்துவிடும். மேல்வாயைத் தகரத்தால் மூடி அதன்மேல் ஒரு பலகை வையுங்கள், தகரம் மட்டும் போட்டால் பங்குனி வெயிலில் உள்ளே அனலாகிவிடும். அடிவாயைப் பலகையால் அடைத்து, நீர் வடிய இரண்டு சிறு துளைகள் இடுங்கள். பொந்தின் வாய் மேற்கு வெயிலைப் பார்க்காமல் கிழக்கையோ வடக்கையோ நோக்கட்டும். புளியமரத்தில் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், கிளையில் அல்லாமல் அடிமரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். கம்பி மரத்தை அறுக்காதபடி பழைய மிதிவண்டி டியூபைச் சுற்றிக்கொள்ளலாம்.

அதே சோடி வருமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு உறுதி சொல்ல முடியாது. மார்கழியில் பொந்து தேடி அலையும் கிளிகள் அந்தத் தோப்பையும் கட்டாயம் சோதிக்கும், ஆகவே கார்த்திகைக்குள் துண்டு ஏற்றப்பட்டிருக்க வேண்டும். முதல் ஆண்டு மைனாவோ அணிலோ புகுந்துகொண்டால் அகற்றாதீர்கள். இதற்கிடையில் இப்போது நடக்கும் வேலையில், மரத்தடியில் மணலோ ஜல்லியோ கொட்டாமல், கலவை இயந்திரத்தை மனையின் மறுகோடியில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆண் கிளி உச்சியில் வந்து உட்காரத் தயங்குகிறதா என்பதை வேலை தொடங்கிய முதல் சில நாட்கள் கவனித்து இங்கே எழுதுங்கள்.